அரைப் பீப்பாய் பாகு

கொய்வுகோஸ்கி
21 மே 2017

ஹில்க்கா,

நீ போன் செய்தால் நான் எடுக்கப் போவதில்லை. போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், கடைசியில் நியாயம் உன் பக்கம் போய்விடும். சின்ன வயதிலிருந்தே இதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு ரொட்டிப் பை இருக்கிறது. கழுவித்தான் வைத்தேன், பயப்படாதே. போன வருடம் மார்ச்சில் எங்கள் காகித ஆலையின் மூன்றாம் இயந்திரத்தில் ஓடியதே உன் மரநார்த் தாள், அதில் செய்த பை. பிளாஸ்டிக்குக்கு இனி வேலை இல்லை, இதை மண்ணில் போட்டால் பத்து வாரத்தில் மண்ணாகிவிடும் என்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய். நான் போன வருடம் மே மாதம் ஏரிக்கரை வீட்டு உரக்குழியில் போட்டேன். நேற்று தோண்டினேன். உருளைக்கிழங்குத் தோல் இல்லை, காபி வடிகட்டித் தாள் இல்லை, மீன் முள் கூட இல்லை. உன் பை மட்டும் இருக்கிறது. பேக்கரிக்காரன் அச்சடித்த கோதுமைக் கதிரைக்கூட நீ எண்ணிப் பார்க்கலாம்.

நான் ஒருவன் மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஊரில் பாதிப் பேர் அந்தப் பையைக் குழியில் போட்டிருக்கிறார்கள். பனி உருகியதும் எல்லோரும் தோண்டிவிட்டார்கள். ஆலைச் சாப்பாட்டு அறையில் பட்டாணி சூப்புத் தட்டோடு போய் உட்கார்ந்தால், "என்ன வெய்யோ, ஒன் தங்கச்சி பைய என் பேரனுக்கு எழுதி வைக்கலாம்னு இருக்கேன், அவன் காலம் வரைக்கும் தாங்கும் போல" என்கிறான் ஒருவன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாம் இயந்திரம் உன் தாளை நம்பித்தான் இன்னும் நிற்கிறது. செய்தித்தாள் அச்சுக் காகிதம் இனி யாருக்கும் வேண்டாம். எண்பத்தாறு பேரின் வேலை. "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். எனக்கு ஒரு பதில் வேண்டும்.

வெய்யோ


எஸ்போ
27 மே 2017

அன்புள்ள வெய்யோ,

பை வந்தது. ஆய்வகத்தில் பிரித்தேன். உன் உரக்குழியின் வாசனை இன்னும் போகவில்லை, பக்கத்து மேசைக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

எங்கள் சோதனையில் இதே தாள் ஒன்பது வாரத்தில் போய்விட்டது. கொதிக்கும் உரத்தில் இல்லை, காட்டு மண்ணில், பன்னிரண்டு டிகிரியில். ஆறு முறை செய்தோம், ஆறு முறையும் போய்விட்டது. உன் குழியை வருடத்தில் எத்தனை தடவை கிளறுகிறாய்? அப்பா இருந்தபோது மண்வெட்டி அந்தப் பக்கமே போனதில்லை. காற்றுப் போகாத குழியில் எதுவும் மட்காது.

நீ சங்கத்தில் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டுச் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் எங்கள் திட்டக் குழு கூடுகிறது. தாளைத் தொடர்வதா, கைவிடுவதா என்று முடிவு செய்வார்கள். மட்காத ரொட்டிப் பை ஒன்று அந்த மேசைக்குப் போனால் என் பதினோரு வருடம் குப்பைக்குப் போகும். உன் எண்பத்தாறு பேரும் கூடவே போவார்கள். ஆகவே இது எனக்கு விளையாட்டு இல்லை.

அம்மாவின் சமாதிக்கு இந்த முறை நீயே பூ வைத்துவிடு.

ஹில்க்கா


கொய்வுகோஸ்கி
8 ஜூன் 2017

ஹில்க்கா,

குழியைக் கிளறினேன். போன வருடம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வாராவாரம் கிளறினேன். அப்பாவை இதில் இழுக்காதே. அவர் கிளறாத குழியில்தான் நீ எட்டு வயதில் மண்புழு எடுத்து மீன் பிடித்தாய்.

காட்டு மண்ணாம், பன்னிரண்டு டிகிரியாம். உன் மண் ஜாடிக்குள் இருக்கும் மண். எங்களுடையது மழை பெய்து, உறைந்து, உருகும் மண். தாள் போய்ச் சேர வேண்டியது எங்கள் மண்ணுக்குத்தான். நீ எப்போதாவது வெளியே எட்டிப் பார்த்தாயா?

நேற்று சில்வி வந்தாள். என்சியோ பிப்ரவரியில் உறைந்த ஏரியில் பனிமேல் மீன் பிடிக்கப் போன இடத்தில் நெஞ்சு வலித்து விழுந்து செத்ததிலிருந்து அவள் யார் வீட்டுக்கும் போவதில்லை. இருபத்து மூன்று வருடம் என்னோடு ஒரே ஷிஃப்டில் நின்றவனின் மனைவி, வாசலில் நின்றபடியே கேட்டாள்: "மெஷின நிறுத்திருவாங்களா வெய்யோ? அந்தத் தாள் ஓடின அன்னைக்கு அவன் எவ்வளவு சந்தோஷமா வந்தான் தெரியுமா." நான் என்ன சொல்வது? என் தங்கச்சி ஜாடியில் சோதனை செய்திருக்கிறாள் என்றா?

தாள் மட்கவில்லை என்றால் உன் கலவையில் கோளாறு. அதை ஒத்துக்கொண்டு சரிசெய். எங்களால் ஒரு குறையும் இல்லை. நீ கொடுத்ததை ஓட்டினோம், அறுந்து போகாமல் ஓட்டினோம்.

வெய்யோ


எஸ்போ
19 ஜூன் 2017

வெய்யோ,

உன் கடைசி வரியை நான்கைந்து முறை படித்தேன். "அறுந்து போகாமல் ஓட்டினோம்."

உன் பையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அளந்து பார்த்தேன். அதில் நைட்ரஜன் இருக்கிறது. என் கலவையில் நைட்ரஜன் கிடையாது. மரநாரும் தண்ணீரும் மரத்திலிருந்தே எடுத்த ஒரு மெழுகும்தான். ரொட்டியிலிருந்து ஒட்டியிருக்குமோ என்று, ஆலையிலிருந்து எடுத்து வைத்திருந்த உருளையைப் பிரித்து, யார் கையும் படாத உள்சுற்றில் வெட்டி அளந்தேன். அதிலும் அதே அளவு.

ஈரத்தில் கிழியாமல் இருக்கக் காகிதத்தில் ஒரு பசை சேர்ப்பார்கள். சிமென்ட் மூட்டைத் தாளில், கை துடைக்கும் தாளில் எல்லாம் இருக்கும். நாரோடு நாரைப் பூட்டிவிடும். பூட்டியதை மண்ணில் இருக்கும் எந்தக் கிருமியும் லேசில் திறக்காது. அந்தப் பசையில் நைட்ரஜன் உண்டு. உங்கள் ஆலையில் அது பீப்பாய் பீப்பாயாக இருக்கும்.

சோதனை ஓட்டத்துக்கு முன்னால் நான் அனுப்பிய குறிப்பில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. ஷிஃப்ட் குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டேன். அதனால் உன்னைக் கேட்கிறேன். கோபப்படாமல் பதில் சொல். அன்று கலவைத் தொட்டியில் யாராவது ஏதாவது ஊற்றினார்களா?

எனக்கு ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, யார் செய்தது, கீழே கையெழுத்து. ஆகஸ்ட் பதினைந்துக்குள் வேண்டும். அந்த ஒரு பக்கம் இருந்தால் தாளின் மேல் தப்பில்லை என்று நிரூபித்துவிடுவேன். இல்லையென்றால் தப்பு என்னுடையது என்று முடிந்துவிடும்.

இந்த வருடம் ஜுஹன்னுஸ் கோடைத் திருநாளுக்கு நெருப்பு மூட்ட ஏரிக்கு நான் வரவில்லை. உன் பதில் தெரியாமல் எதிரே உட்கார்ந்து சாசேஜ் சுட என்னால் முடியாது.

ஹில்க்கா


கொய்வுகோஸ்கி
4 ஜூலை 2017

ஹில்க்கா,

உன் கடிதம் இரண்டு வாரமாக மேசைமேல் கிடந்தது. ஜுஹன்னுஸுக்கு நெருப்பு மூட்டவில்லை. பிர்ச் கிளை வெட்டி வாசலில் வைத்தேன், அவ்வளவுதான்.

ஊற்றினோம். அரைப் பீப்பாய்.

நாங்கள் அதைப் பாகு என்போம். அதைச் சேர்ப்பதைச் சேர்ப்பது என்றே நாங்கள் நினைப்பதில்லை. உருளைக்கிழங்கு வேகும்போது உப்புப் போட்டேன் என்று நீ எங்காவது எழுதி வைப்பாயா? தாள் அறுந்தால் பாகு. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். கேள்வி வரக்கூடியதை மட்டும்தான் குறிப்பேட்டில் எழுதுவோம். நீ போட்ட கொட்டை எழுத்தைப் பார்த்தோம். புதுச் சாயம், புது மெழுகு எதுவும் போடக் கூடாது என்கிறாய் என்று நினைத்தோம். சத்தியமாக அப்படித்தான்.

அன்று காலையிலிருந்து உன் தாள் அறுந்துகொண்டே இருந்தது. ஈரப் பக்கத்தில் கம்பி வலையை விட்டு ஏறியதும் அறும். ஏழு முறை. ஒவ்வொரு முறையும் சங்கு ஊதும், ஓடுவோம், கிழிந்த கூழை வாரிப் போடுவோம், மறுபடி தாளின் நுனியை நூல்போல ஒரு வாலாகக் கொடுத்து ஏற்றுவோம், மறுபடி அறும். மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு உன் விருந்தாளிகள் பேருந்தில் வருகிறார்கள். தொலைக்காட்சிக்காரர்களும் வருகிறார்கள்.

என்சியோதான் ஊற்றினான். அதன்பிறகு ஒரு முறைகூட அறவில்லை. நீ வெள்ளைத் தொப்பியோடு உள்ளே வந்தபோது தாள் கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உனக்குக் கண் கலங்கியது. நான் பார்த்தேன்.

நீ கேட்ட ஒரு பக்கத்தைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். என்சியோ போய்ச் சேர்ந்துவிட்டான், அவனை இனி யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. வைத்துக்கொள்.

வெய்யோ


எஸ்போ
24 ஆகஸ்ட் 2017

அன்புள்ள வெய்யோ,

குழு கூடி முடிந்தது. உன் பக்கத்தைப் படித்தார்கள், என் அளவுகளைப் பார்த்தார்கள். தாளின் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். தொடரலாம்.

ஆனால் கொய்வுகோஸ்கியில் இல்லை. வடக்கே ஒரு புது ஆலை இருக்கிறது. தாள் மெதுவாக ஓடும் இயந்திரம், பசை இல்லாமலே தாங்கும் என்கிறார்கள். சொல்லாமல் கலவையில் கை வைக்கும் ஆட்களை நம்பி மறுபடி இறங்க முடியாது என்று தலைவர் சொன்னார். நான் எதிர்த்துப் பேசினேன். போதுமான அளவு பேசினேனா என்று கேட்டால், தெரியவில்லை. மூன்றாம் இயந்திரம் டிசம்பரில் நிற்கும். உனக்கு ஆலையிலிருந்து கடிதம் வருமுன் என்னிடமிருந்து தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், இவ்வளவு நாளாக உள்ளேயே வைத்திருந்தேன். அறுகிறது என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவமானம்தான், ஒரு நாள் அவமானம். அதன்பிறகு கலவையைச் சரிசெய்ய எனக்குப் பதினேழு மாதம் இருந்திருக்கும், உங்கள் இயந்திரத்திலேயே. ஒரு வார்த்தை, வெய்யோ. "அறுது ஹில்க்கா" என்று ஒரு வார்த்தை. நம் வீட்டில் யாருக்கும் அது வாயில் வராது. அம்மாவுக்குப் புற்று என்பதை அப்பா நம்மிடம் சொன்னது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான்.

ஹில்க்கா


கொய்வுகோஸ்கி
10 செப்டம்பர் 2017

ஹில்க்கா,

நம் ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. "காலமான தொழிலாளியின் தவறால் ஆலை கைநழுவியது." பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, அந்த ஷிஃப்டில் செத்தவன் ஒருவன்தான். வரும் மார்ச் மாதம் நடக்கும் பனிமேல் மீன்பிடிப் போட்டிக்கு அவன் பெயரை வைப்பதாக இருந்தார்கள். வேண்டாம் என்று கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். நான் கையைத் தூக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

ஊற்றியது நான்.

என்சியோ அன்று உலர்ந்த பக்கத்தில், உருளை சுற்றும் இடத்தில் நின்றான். கலவைத் தொட்டிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தெருவின் நீளம் இருக்கிறது. ஏழாவது முறை அறுந்ததும் நான் போய்ப் பீப்பாயை உருட்டினேன். யாரையும் கேட்கவில்லை. நீ அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. அதுதான் உன் கேள்விக்குப் பதில். வேறு பதில் இல்லை.

எண்பத்தாறு வீட்டுக்காரர்களும் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று பயந்து, செத்தவன் தலையில் கட்டினேன். நான் கோழை. இதில் சந்தேகம் இல்லை.

ஆனால் உன்னையும் ஒன்று கேட்கிறேன். உலர்ந்த பக்கத்துக் கதவு வழியாக நீ உள்ளே வந்ததும் உனக்குக் காது மூடியை எடுத்து மாட்டிவிட்டது யார்? தாளின் ஓரத்தை உன் கையில் கிழித்துக் கொடுத்து, "தொட்டுப் பாருங்க டாக்டரம்மா, நம்ம ஊர் மரம்" என்றது யார்? என்சியோ. முதல் முறை அறுந்ததிலிருந்து கடைசிவரை அவன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை, அதை அவனே உன்னிடம் சொல்லிச் சிரித்தான்: "காலைலேர்ந்து இங்கயே நிக்கிறேன், எனக்கு வேர் விட்ருச்சு." நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உனக்குத் தெரியும், ஹில்க்கா. நான் எழுதிய பக்கத்தைப் படித்தபோதே உனக்குத் தெரியும்.

வெய்யோ


எஸ்போ
17 செப்டம்பர் 2017

வெய்யோ,

தெரியும்.

ஜூலையில் உன் பக்கத்தைப் படித்ததும் தெரிந்தது. அவன் உலர்ந்த பக்கம் நின்றது, வேர் விட்டது என்று சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. உன்னிடம் திருப்பி அனுப்பலாம் என்று உறையில்கூடப் போட்டேன். அப்புறம் யோசித்தேன். அனுப்பினால் நீ பயந்துபோய் எதுவுமே எழுதாமல் விட்டுவிடுவாய். எனக்குத் தேவைப்பட்டது கையெழுத்து. உண்மை இல்லை. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தலைவர் என்னைப் பார்த்து, "பாவம், எறந்துட்டாரா" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

உன்னைக் கோழை என்கிறாய். எனக்கு என்ன பெயர் வைப்பது என்று நீயே சொல்.

சில்வியிடம் சொல்ல வேண்டும். நீ தனியாகப் போகாதே. முப்பதாம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன், பத்தரைக்கு வந்துவிடும். இருவரும் சேர்ந்து போவோம். நாம் வருகிறோம் என்று அவளிடம் முன்கூட்டிச் சொல்லி வை. அதன்பிறகு குழுவுக்கும் பத்திரிகைக்கும் நானே திருத்தி எழுதுகிறேன். வடக்கே முதல் ஓட்டம் அந்த வாரம்தான் என்கிறார்கள். எப்படியும் விலகி வருகிறேன்.

ஹில்க்கா


கொய்வுகோஸ்கி
1 அக்டோபர் 2017

ஹில்க்கா,

பத்தரை ரயில் பத்தரைக்கு வந்தது. ஒரு கிழவரும் ஒரு நாயும் இறங்கினார்கள். அடுத்த ரயில் ஒன்றே காலுக்கு, அதையும் பார்த்தேன். அதன்பிறகு உன் செய்தி வந்தது. ஓட்டம் தொடங்கிவிட்டது, இயந்திரத்தை விட்டு நகர முடியவில்லை, நீ போய்ச் சொல்லிவிடு, நான் பிறகு வருகிறேன். தாள் ஒரு முறைகூட அறவில்லை என்றும் போட்டிருந்தாய்.

தனியாகப் போனேன். இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லி வைத்திருந்தேன் அல்லவா, சில்வி மேசையில் மூன்று கோப்பை வைத்திருந்தாள், நல்ல கோப்பைகள், தட்டோடு. புல்லா ரொட்டி சுட்டிருந்தாள். ஏலக்காய் வாசனை வாசல் வரை வந்தது. நான் கோட்டைக் கழற்றவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஊற்றியது நான், எழுதியது நான், என்சியோ பெயரைப் போட்டது நான். ஹில்க்காவுக்கும் தெரியும் என்பதையும் சொன்னேன். மறைத்தது போதும் என்று தோன்றியது.

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்குச் சாயங்காலமே சொன்னான். சோனாவுல குளிக்க விறகு எடுத்து வெச்சுக்கிட்டே சொன்னான். 'வெய்யோ இன்னைக்குத் தங்கச்சிய காப்பாத்திட்டான். அரப் பீப்பாய் ஊத்தினான். நான் தூரத்துலேர்ந்து பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிராத'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். நானும் சொல்லல. பத்திரிகையில வந்தப்பக்கூட சொல்லல. நீ வருவேன்னு பார்த்துட்டு இருந்தேன். ஒரு மாசமா தினமும் பார்த்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கை காட்டி நிறுத்தினாள். "வந்துட்ட. சரி" என்றாள்.

பிறகு எழுந்தாள். அடுப்பில் காபி கொதித்து இறங்கியிருந்தது. என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்தாள். யார் வாயும் படாத கோப்பையைக் குழாயடியில் கழுவினாள், துணியால் துடைத்தாள், அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். அதன்பிறகு உன்னுடையதையும் எடுத்துக் கழுவி அதன் பக்கத்தில் வைத்தாள். தன் கோப்பையில் மட்டும் ஊற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ பிறகு வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம்.

வெய்யோ